என் வாய்க்குப் போட்ட பத்தியம்

என் வீட்டுக்காரர் ராசாங்கம் கூசாமல் பொய் சொல்லுவார் என்பது எனக்குத் தெரியும். வைத்தியர் பேரைச் சொல்லியே பொய் சொல்லுவார் என்றுதான் தெரியாமல் போய்விட்டது. நாசமாய்ப் போக!

எண்பத்திரண்டாம் வருஷம் அது. பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்கட்டிலேயே கடலை உடைக்கிற மெஷின் இருந்தது. அதை ஓட்டுகிற டீசல் எஞ்சின் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தடதடவென்று அடிக்கும். அதன் பக்கத்திலேயே சமைத்து, கடலை புடைத்து, என் காதுக்குள் ஓயாத இரைச்சல் வந்துவிட்டது. தூக்கம் போனது, தலை கிறுகிறுத்தது. வாலிகண்டபுரத்தில் ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிற நல்லதம்பியிடம் இவர்தான் கூட்டிப்போனார். நாடி பார்த்துவிட்டு வைத்தியர் இவரிடம் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். இருந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் இவர் என் காதருகே கத்தினார்.

"ஒடம்புல இருக்கற அஞ்சு பூதத்துல ஆகாயம் கெட்டுப்போச்சாம் செங்கமலம். காதும் தொண்டையும் ஆகாயத்தோட எடமாம். ஒரு மண்டலம் நீ வாயத் தொறக்கக் கூடாதாம். தொறந்தா காது சுத்தமா போயிடுமாம்."

என் அம்மா காது கேளாமலே செத்தவள். பயந்துவிட்டேன். ராத்திரிக்கு அரை வயிறு கஞ்சி, உள்ளங்காலில் நல்லெண்ணெய், வாய்க்குப் பூட்டு. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

என் வாய் அடைத்த பிறகு அந்த வீட்டில் என்ன துணிச்சல் வந்தது தெரியுமா! அரும்பாவூர்க் கடலை வியாபாரி சின்னதுரை பெண்டாட்டியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவருக்கு என் மகள் ஜெகதாம்பாளைக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கோ அரியலூரில் டீச்சர் டிரெயினிங் படிக்க இடம் கிடைத்திருந்தது.

"அண்ணிக்கும் சம்மதந்தான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலையே," என்றாள் நாத்தனார் இருசம்மாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் பற்றி எரிந்தது. மாட்டேன் என்று தலையை வேகமாக ஆட்டினேன்.

"தல சுத்துதா அண்ணி? போயிப் படுங்க," என்றாள் அந்தச் சண்டாளி.

ஜெகதா என் மடியில் விழுந்து அழுதாள். "நீ ஒரு வார்த்த சொல்லும்மா, போதும்."

மறுநாளே யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வைத்தியரிடம் போனேன். ஒரே ஒரு நாள் மட்டும் பேசிக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டேன். மனுஷர் திகைத்துப் போனார். கிட்டே வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"உங்கள யாரும்மா பேசக் கூடாதுன்னது? ஆகாயம்னா வெத்திடம். காதுக்குள்ள இருக்கற அந்த எடத்த எஞ்சின் சத்தம் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. எஞ்சின வூட்ட வுட்டுத் தள்ளி வைங்கன்னுதான் ராசாங்கத்துக்கிட்ட சொன்னேன். தொண்டைக்கு வர்றத அடக்குனா இன்னும்ல கெடுதி!"

அடப்பாவி மனுஷா! திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி நெடுக இவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தனியாகக் கத்தினால் அமுக்கிவிடுவார்கள், நாலு பேர் கூடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆவணியில் பரிசம் போட வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். பெண்ணைப் பெற்றவள் கையால் தட்டை வாங்க வேண்டும். சின்னதுரையின் அக்கா பெரியம்மாள் தேங்காய், வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை வைத்த தட்டை நீட்டி, "சம்மதந்தானுங்களே?" என்று கேட்டாள்.

"அவ மௌனத்துல இருக்கா. வாங்கிக்குவா, குடுங்க," என்றார் இவர்.

"மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்றேன்.

கூடமே என் பக்கம் திரும்பியது. இவர் முகம் வெளிறிப் போனது. என்ன செய்தார் தெரியுமா? முன்கட்டுக்கு ஓடி, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டார். தடதடதட! என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று இருசம்மாள் எல்லோருக்கும் கையால் காட்டினாள்.

நான் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை. எழுந்து நேராக முன்கட்டுக்குப் போனேன். இவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, எஞ்சினை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தேன். அது இருமி இருமி அடங்கியது.

வைத்தியர் சொன்ன அமைதி அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் வந்தது. மெதுவாகத்தான் பேசினேன். எல்லோருக்கும் கேட்டது.

"தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. எம் பொண்ணு திங்கக்கெழம அரியலூர் பஸ்ஸு ஏறுறா."