நன்றியுரைக்கு முன்பே மழை

மழைக்குப் பேர்போன நாவலப்பிட்டியில் கூரையில்லாத அரங்கில் இசை நாடகம் போடும் யோசனை குடைக்கடைக்காரருக்குத்தான் வரும். வந்தது. நாடகச் சங்கத் தலைவர் வீரய்யா குடைக்கடைதான் வைத்திருந்தார்.

கதாநாயகி அவர் மனைவி யசோதா. முகம் ஓவியம், பாடினால் பித்தளைக் குடம் உருளும். ஆகவே பாட்டு மட்டும் நகரசபைக் கிளார்க் பாலாம்பிகையுடையது. திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் இவள் பாட, மேடையில் யசோதா வாயசைப்பாள்.

"என் பேரையும் சொல்லுவீங்கதானே?" என்று வீரய்யாவிடம் கேட்கவே பாலாம்பிகைக்குப் பல நாள் பிடித்தது.

"சொல்லாம? நன்றியுரையில உங்க பேருதான் முதல்ல, தங்கச்சி!"

அந்த ஒரு வரிக்காகத் தொண்டையைச் சுடுதண்ணீர் ஊற்றி வளர்த்தாள். கலைக்கு முகம் எதற்கு என்று தன்னைத்தானே பெருந்தன்மைக்காரியாக்கிப் பார்த்தாள். முகம் வேண்டாத அந்த இடத்துக்கு யசோதா ஏன் ஆசைப்படவில்லை என்ற கேள்விதான் உள்ளே மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

விழா மாலையில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கும் போர்த்தினார்கள். பிறகு எல்லோரும் பேசினார்கள். அதுவரை பொறுமையாகக் காத்திருந்த மழை, நாடகத்தின் மூன்றாவது பாட்டில் கொட்டியது. மின்சாரம் போனது, மைக்கும் போனது.

யாரோ பெட்ரோமக்ஸைத் தூக்கிவந்தார்கள். அதன் வெளிச்சத்தில் யசோதா சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினாள், தொட்டி மீன்போல. சிரிப்பு எழுந்தது. சனம் எழும்பத் தொடங்கியது.

நன்றியுரையைக் கேட்க, உட்கார ஆளில்லாத கதிரைகள்தான் மிஞ்சும் என்று பாலாம்பிகைக்கு உறைத்தது. திரையை விலக்கி, பாடிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"அட, பாட்டு இவங்கடயா!" கதிரையைத் தலைக்குமேல் பிடித்திருந்த துணிக்கடை நளீர் கத்தினார். "அப்ப தலைவர்ட வீட்டுக்காரி இவ்வளவு நேரமும் கொட்டாவியா விட்டா?"

போனவர்களும் திரும்பி நின்றார்கள்.

"உள்ள போங்க தங்கச்சி, உள்ள போங்க!" மேடையோரத்தில் வீரய்யா கையை ஆட்டினார். மழையில் காது கேட்காததுபோல் அவள் பாட்டின் அடுத்த அடியை எடுத்தாள். வெற்றி இனிக்கும் என்று நினைத்திருந்தாள். மைக் இல்லாத குரல் மெலிந்து கரகரத்தது. ஆனாலும் அது அவள் வாயிலிருந்து வருவதை ஊரே பார்த்தது.

பாலாம்பிகையின் தலைக்குமேல் மழை நின்றது. யசோதா கடைக்குடையொன்றை விரித்துப் பிடித்திருந்தாள்; விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அவளுடைய உதடுகள் மட்டும், பழக்கதோஷத்தில், பாட்டோடு அசைந்துகொண்டேயிருந்தன.