எட்டாவது தாள்

ஜனவரி 19, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு. சின்ன வண்டிகள் பந்தயத்தில் 41-ம் எண்ணுக்கு நான்தான் சுற்று எண்ணினேன். ஐந்தாவது கோடு போட்டதும் பேனா கை தவறி மேசைக்கு அடியில் விழுந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒரு வண்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அது 41-ஆ என்று உறுதியாகத் தெரியவில்லை. அதனால் கோடு போடவில்லை. மொத்தம் ஏழு என்று எழுதிக் கொடுத்தேன். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருப்பேன். அப்பாவின் வண்டி என்பதால் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

*

"அவரு போட்ட துணியெல்லாம் ஒண்ணு விடாம மூட்ட கட்டு. சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம்" என்று சித்தப்பா ராஜவேல் வாசலிலிருந்து சொன்னதும், துர்கா ஒரு பழைய அரிசிப் பையை உதறி விரித்துக் கொடியில் கிடந்த சட்டைகளை அதில் திணிக்கத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. மூலக்குளத்தில் அந்தத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கன்னியப்பன் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. அம்மா சுலோசனா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியப்பன் வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் கேன் போடுகிறவர். சனிக்கிழமை மாலையானால் அதே நூறு சிசி வண்டியிலிருந்து கேன் மாட்டும் கம்பியையும் கண்ணாடிகளையும் முன்விளக்கையும் கழற்றுவார். பல் வைத்த டயரை மாட்டுவார். 41 என்று எழுதிய தகரத்தை முன்னால் கட்டுவார். மறுநாள் ஏரிக்கரைச் சேற்றில் அதை ஓட்டிவிட்டு வந்து, திங்கட்கிழமை மறுபடியும் கேன் கம்பியை மாட்டுவார். பதினோரு வருடமாக இதுதான். பதினோரு வருடமும் தோற்றவர் என்று சொல்வதுகூட அவருக்குக் கொடுக்கும் மரியாதைதான். தோற்றவர் என்றால் யாராவது அவரைப் போட்டியாக நினைத்திருக்க வேண்டும்.

துர்காவும் நினைத்ததில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் வீட்டில் ஒரு கதை நடக்கும். அந்த மேட்டில் இவனைத் தாண்டினேன், இந்தப் பள்ளத்தில் அவனைத் தாண்டினேன் என்பார். சோற்றுத்தட்டை மேடாகவும் தண்ணீர்ச் சொம்பைப் பள்ளமாகவும் வைத்துக் காட்டுவார். முடிவுத் தாளைப் பார்த்தால் கடைசிக்கு முந்தின இடம் என்றிருக்கும். பகலில் லாஸ்பேட்டை ஜெராக்ஸ் கடையில் வேலை செய்து, மாலையில் ஆய்வுக்கூடப் பட்டய வகுப்புக்குப் போகிற துர்காவுக்கு எழுத்தில் இல்லாத எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. அப்பாவின் மேல் முதலில் கிடையாது.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, தோளில் கேனோடு மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மூன்றாவது மாடிக்காரி பாக்கியலட்சுமி இப்போது துர்காவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கேன் ஒடஞ்சி படி பூரா தண்ணி சுலோசனா. நான்தான் வாட்ச்மேனக் கூப்ட்டு எல்லாத்தையும் தொடைக்கச் சொன்னேன். நல்ல மனுசன். ஒரு நாள் லேட் பண்ணதில்ல." பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "நாளையிலருந்து யாரு போடுவாங்க? நம்பர் எதுனா இருக்கா?"

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள்.

தெருமுனையில் ஒரு கார் நின்றது. மோட்டார் பந்தயச் சங்கத்தின் செயலர் கலைவாணன் பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார். நாற்பது வயது. மனை வியாபாரம். சங்கத்தின் பெயர் போட்ட சட்டையையே சாவுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெட்டியின் மேல் மாலையை வைத்து, கும்பிட்டு, கும்பிட்டதை உடன் வந்தவர் படம் எடுத்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு சித்தப்பா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். துர்கா தேநீர் எடுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வண்டிய வச்சிக்கினு ரேசுக்குப் போறேன்னு நின்னாரு சார் எங்கண்ணன்" என்றார் ராஜவேல், சுவரோரம் நின்ற வண்டியைக் காட்டி. "கேன் போடற வண்டி சார் அது. சொன்னா கேப்பாரா? ஊரே சிரிக்கும். அவருக்கு அது கை தட்டற மாதிரி இருக்கும் போல."

கலைவாணன் சிரித்தார். சாவுப் பந்தல் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "அப்டி சொல்லாதீங்க. அவரு ஒரு ஸ்போர்ட். எங்க கிளப்ல எல்லாருக்கும் அவரு ஒரு… எப்டி சொல்றது, என்டர்டெய்ன்மென்ட். அன்னிக்கிகூட மூணாவது சுத்துல என்ன ஓவர்டேக் பண்ணாரு. பின்னாடி இருந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கேன்காரரு. சரி, பெரியவரு, போவட்டும்னு வழி உட்டேன்."

"நீங்க உட்டதாலதான் போயிருப்பாரு" என்றார் சித்தப்பா.

"அதுக்கப்பறம் நான் அவர பாக்கவே இல்ல. எங்கனா உழுந்து கெடந்திருப்பாரு."

துர்கா கையில் இருந்த தட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாள். முடிவுத் தாள் அவளுக்கு மனப்பாடம். குறித்த நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று ஓட்டுகிறார்கள் என்பதுதான் பந்தயம். கலைவாணன் ஏழு சுற்று, மூன்றாவது இடம். கன்னியப்பன் அதே ஏழு சுற்று, கலைவாணனுக்குப் பின்னால் கொடியைக் கடந்ததால் நாலாவது இடம். கோப்பை மூன்று பேருக்குத்தான்.

"சார்" என்றாள். "தாண்டிப் போனவரு உங்களுக்குப் பின்னாடி வரணும்னா, நீங்க அவரத் திருப்பித் தாண்டியிருக்கணும். பாக்காம எப்டி சார் தாண்டனீங்க?"

"ரேஸ்ல அதெல்லாம் தெரியாதும்மா" என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டே. "சேறு அடிக்கிற அடியில முன்னாடி போறது எருமையா வண்டியானே தெரியாது."

அவள் உள்ளே போனாள். அரிசிப் பையில் இன்னும் பாதி இடம் இருந்தது. குளியலறை வாளியில் பந்தயச் சட்டையும் முழுக்கால் சட்டையும் ஞாயிற்றுக்கிழமை போட்டபடியே கிடந்தன. நனைத்திருக்கவில்லை. செம்மண் காய்ந்து ஓடு போல விறைத்திருந்தது. எந்தத் துணியையும் அதன் பைகளைத் துழாவாமல் எடுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கால் சட்டையின் இடது பைக்குள் கை விட்டாள். விரலில் ஏதோ மடமடத்தது.

கண்ணாடித் தாள்கள்.

சேறு தெறித்தால் பார்வை மறையாமல் இருக்க, பெரிய வண்டிக்காரர்கள் ஹெல்மெட் கண்ணாடியின் மேல் மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். சேறு பட்டால் மேல் தாளைக் கிழித்து எறிவார்கள். அவை வெளிநாட்டுத் தாள்கள். கன்னியப்பனுடையவை ஜெராக்ஸ் கடையில் புத்தகத்துக்கு அட்டை போடும் தாள்கள். வெட்டிக் கொடுத்தது துர்காதான்.

"எட்டு வெட்டும்மா" என்று சனிக்கிழமை கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"போன வருசம் ஆறு சுத்துதான்ப்பா ஓட்ன."

"இந்த வருசம் எட்டு. சுத்துக்கு ஒண்ணு."

"ஆறு போதும். தாள வீணாக்காத."

ஆனாலும் எட்டு வெட்டினாள். நாட்குறிப்பிலும் எழுதியிருந்தாள்: "தாள் 8. இரண்டு மிஞ்சும்."

சுற்று எண்ணுகிறவர்கள் உட்காரும் கொடி மேசையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவர் இடது கையால் ஒரு தாளைக் கிழிப்பார். எறிய மாட்டார். அந்த நிலம் மாடு மேய்கிற நிலம், தாளைக் கீழே போடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதிய கலைவாணன் உட்பட யாரும் அதை மதித்ததில்லை. ஒரு கையை விட்டுவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு ஓட்டும் ஒரே ஆளைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் விசிலடிப்பார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்திருக்கிறாள்.

துர்கா தாள்களை ஈரமில்லாத தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. அலமாரியின் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு தாளும் மிச்சமில்லை. பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு தாள் ஒன்றாகக் கிழிந்து வந்திருக்கலாமே என்று அவளுக்கே தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். ஒன்றாக வந்திருந்தால் அடியில் இருந்த தாளில் சேறு பட்டிருக்காது. ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எட்டுத் தாளிலும் ஒரு பக்கம் சேறு. எட்டுத் தாளிலும் வேறு வேறு தெறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை, முடிவு வாசித்த இடத்தில், அப்பா அவளிடம் வந்தார். முகம் முழுக்க மண், கண்ணைச் சுற்றி மட்டும் சுத்தம்.

"எட்டும்மா. ஏழுன்னு படிக்கிறாங்க. ஒருவாட்டி பாரேன்."

சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். சொந்த அப்பனுக்குக் கோடு சேர்த்துப் போட்டாள் என்று ஒருவன்கூடச் சொல்லிவிடக் கூடாது.

"நீ சும்மா இருப்பா. வூட்லதான் கத வுடுவ, இங்கயுமா? நான் எழுதனதுதான் கணக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கலைவாணன் அவள் தோளில் தட்டி, "நேர்மைன்னா இது" என்றார். அப்பாவும் சிரித்தார். அன்று இரவு வீட்டில் கதை நடக்கவில்லை. சோற்றுத்தட்டு தட்டாகவே இருந்தது. தோள் வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. துர்கா தாள்களை ஒரு பழைய நோட்டின் பக்கங்களுக்கு நடுவே வைத்து மூடினாள். கால் சட்டையைப் பையில் போட்டாள். வாசலுக்கு வந்தபோது கலைவாணன் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், ரிசல்ட் எப்ப பைனல் ஆவும்?"

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஏன்?"

"ரிசல்ட் தாள்ல ஒரு தப்பு இருக்கு. நாப்பத்தொண்ணுக்கு எட்டு சுத்து."

அவர் கதவை மூடாமல் அவளைப் பார்த்தார். சித்தப்பா நெருங்கி வந்தார்.

"துர்கா, இது பேசற நேரமா?"

"இரும்மா" என்றார் கலைவாணன். குரலில் தேன். "நீதான எண்ணன. நீதான அத்தன பேர் முன்னால ஏழுன்னு சொன்ன. இப்ப அப்பா போயிட்டாரு, மனசு கேக்கல. புரியுது. அதுக்காக செத்தவருக்குக் கப்பு வாங்கினு போயி இன்னா பண்ணப் போற? வெளிய தெரிஞ்சா உன்னத்தான் காறித் துப்புவாங்க. அப்பனுக்குக் கள்ளக் கோடு போட்டாளாம்னு."

ஞாயிற்றுக்கிழமை அவள் பயந்த அதே வார்த்தை. இன்று அது வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தபோது அவ்வளவு பெரியதாக இல்லை. இந்த ஆள் பாராட்டித் தட்டிய தோளை அவள் அன்றைக்கே கழுவியிருக்க வேண்டும்.

"துப்பட்டும் சார்."

"ஆதாரம்?"

"கொண்டாந்து குடுக்கறேன்."

"சாவு வூட்ல இருந்து வெளிய வர மாட்டியேம்மா, மூணு நாளைக்கு."

கார் பின்னால் போய், திரும்பி, போனது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா பெட்டியின் பக்கத்திலிருந்து நிமிர்ந்து, "இன்னாடி அங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லமா. அப்பா எட்டு சுத்து ஓட்னாரு."

அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கே சொன்னாரே" என்றாள். பிறகு தலைப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள்.

*

ஜனவரி 21, செவ்வாய். மதியம் ஒன்றேகாலுக்கு எடுத்தார்கள். சித்தப்பா கொள்ளி வைத்தார். துணிப்பையும் போயிற்று. மாலை குளித்த பிறகு இதை எழுதுகிறேன்.

திருத்தம்: ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் "மொத்தம் ஏழு" என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் "எட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழிக்கவில்லை. "சின்னத் தவறு" என்பதில் "சின்ன" என்ற சொல்லையும் அடித்தேன்.

நாளை: காலை ஆறு மணிக்குச் சுடுகாட்டில் பால் தெளிக்கும் சடங்கு. பத்து மணிக்குச் சங்க அலுவலகம். பேருந்து இல்லாவிட்டால் அப்பாவின் வண்டி. கேன் கம்பியைக் கழற்ற வேண்டும். எட்டுத் தாள்களையும் அப்படியே எடுத்துப்போக வேண்டும். கழுவக் கூடாது.