வகை பிரித்து அடுக்கியது

இரண்டு பெண்களுக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். அதில் ஒருத்தியைக் கொல்லப் பார்த்தவள் நான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்குக் கை சும்மா இருக்காது. இருபத்தெட்டு வருஷம் பிரசவ வார்டில் நர்சாக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு இரண்டு வருஷம் வெளிநாடு புறப்பட்டபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ ஒரு தடவை அலமாரியை அடுக்கினதுக்கே என் மூக்குக் கண்ணாடி மூணு நாள் கிடைக்கலை. பாவம், அந்த நாடு." மகளும் மருமகனும் சிரித்தார்கள், நான் முறைத்தேன். அவர் வாய்முகூர்த்தம் அப்படியே பலிக்கும் என்று யார் கண்டது?

போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு என்பது ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, அதை ஒட்டி ஒரு சாமான் அறை. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்றபடி எல்லாமே தலைமை நர்ஸ்தான். வார்டே அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவர், இருந்தாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன். அதிகம் பேசமாட்டார். முதல் மாதக் கடைசியில் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நான் மிச்சக் காலமும் அங்கே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சாமான் அறையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில் டீ கெட்டில். ஜன்னல் கொக்கியில் பிரஷர் பார்க்கும் கருவி. பிரசவ அறைக் கதவோரம் ஒரு முக்காலி, அதன் மேல் மூடியில்லாத பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் சிரிஞ்சு, ஊசி, டிரிப் குழாய், பிளாஸ்திரி, ஐஸ் பையில் சுற்றிய மருந்துக் குப்பி என்று எல்லாம் கதம்பமாகக் கிடந்தன. மூன்றாவது வாரம் பெரியக்கா இரண்டு நாள் லீவில் போனார். விடுவேனா? பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வந்து சிரிஞ்சோடு சிரிஞ்சு, குழாயோடு குழாய் என்று வகை பிரித்து அடுக்கினேன். அந்த ஊர் எழுத்திலேயே கஷ்டப்பட்டு லேபிள் எழுதி ஒட்டினேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். வார்டு ஆயா வந்து பார்த்து, "கடை மாதிரி இருக்கு!" என்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியக்கா திரும்பி வந்த காலையில், அவர் சாமான் அறையை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வலியோடு ஒரு பெண் வந்துவிட்டாள். மூன்றாவது பிரசவம். குழந்தை சுலபமாகப் பிறந்து ஊரைக் கூட்டி அழுதது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை. பெரியக்கா வலது கையால் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையைக் கதவோரம் நீட்டினார். கை வெறும் முக்காலியைத் தடவியது.

"டப்பா எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கதம்பமில்லை. ரத்தப்போக்கை நிறுத்த என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே கைக்கு எட்டும்படி வைத்திருந்தார்கள். இதையே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எவர்சில்வர் தட்டில் வைத்து 'அவசரம்' என்று எழுதியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன். பிஸ்கட் டப்பா என்பதால் என் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்துவிட்டது.

"நான் பிரிச்சு வச்சிட்டேன்."

"ஓடுங்க!" என்றார்.

ஓடினேன். ஒரு பெட்டியில் சிரிஞ்சு, இன்னொன்றில் ஊசி, குளிர்பெட்டியின் அடியில் மருந்து. குழாய்ப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. எல்லாம் வந்து சேர நாலு நிமிஷம் ஆனது. மருந்து ஏறி ரத்தம் நின்றபோது அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. தம்பிக்காரன் வந்து ரத்தம் கொடுத்தான். சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கடவுளே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை தெய்வத்தைக் கும்பிட்டேன்!

டப்பாவைப் பழையபடி நிரப்பி முக்காலியில் வைத்துவிட்டுப் பெரியக்காவிடம் போனேன்.

"கையெழுத்துப் போட வேணாம். என்னை அனுப்பிடுங்க."

"போக இருந்தது அவ உசுரு," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "அவகிட்ட போய்ச் சொல்லுங்க. நீங்க இங்க இருக்கலாமா வேணாமான்னு அவ சொல்லட்டும்."

மறுநாள் காலை அவள் கட்டிலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்போ உங்க செருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நமக்காக ஒருத்தங்க இப்படி ஓடுறாங்களேன்னு நெனச்சேன். நீங்க நல்லா இருக்கணும்."

அந்தச் செருப்பாலேயே அவள் என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. புறப்படும் முன் மூன்று மாதம் படித்த அவர்கள் பாஷையில், தட்டுத் தடுமாறி, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓடவேண்டி வந்ததே என்னால்தான் என்றும், நான் இங்கே இருக்கலாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. கதவருகே நின்ற பெரியக்காவைப் பார்த்து, "நெசமா?" என்றாள்.

"நெசம்தான். ஆனா அந்த டப்பா எதுக்குன்னு நான் இவங்ககிட்ட சொல்லவே இல்லை. என் பேர்லயும் தப்பு இருக்கு."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "இனிமே ஏதாவது எடம் மாத்தணும்னா?"

"கேட்டுட்டுத்தான் மாத்துவேன்."

"யாரை?"

"எல்லாரையும். ஆயாவைக்கூட."

"எனக்கு இன்னும் கோபம் போகலை," என்றாள். போகவும் கூடாதுதான். மூட்டையில் எதை முதலில் கட்டுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் புடிங்க. மூஞ்சி கழுவிட்டு வரேன்."

ஒருநாள் வயசுக் குழந்தை என் கைக்கு வந்தது. அவள் கட்டிலோரம் நின்ற ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.