அன்புராசா உயிரோடு இருப்பதால் வந்த சிக்கல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கனடாவில், அஜின்கோர்ட்டில் முடிவெட்டக் காத்திருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த சீமோன் அண்ணை வாய்விட்டதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வரி: 'ஸ்கொட்லாந்தின் அந்தச் சிற்றூரில் பனி கொட்டிக்கொண்டி...' (அடித்துவிட்டேன். ஸ்கொட்லாந்தை நான் கண்டதில்லை. நடந்ததோ மே மாதம்.)

2

2009. யுத்தம் முடிந்த கிழமை. வன்னியிலிருந்த சீமோனின் தம்பி அன்புராசா செல்லடியில் செத்துப்போய்விட்டான் என்று யாரோ யாருக்கோ சொன்னது அவர் காதுக்கும் வந்தது. துக்கத்திலும் நம் ஆட்கள் பிந்தமாட்டார்கள். அன்றே தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது: 'கனடாவிலுள்ள சீமோன், ஸ்கொட்லாந்திலுள்ள அருள்மலர் ஆகியோரின் பாசமிகு சகோதரர்...'

சில நாள் கழித்துப் பாசமிகு சகோதரரே, வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து சீமோனுக்குப் போன் எடுத்தார்.

3

அருள்மலரின் தெருவில் சாம்பல் நிற வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கடைசி வீட்டுக்குப் பின்னால் செம்மறிகள் மேயும் குன்று. (இது சீமோன் சொன்னது. செம்மறி மட்டும் என் கைச்சரக்கு.) அங்கே அவள் ஒருத்திதான் தமிழ். வருடக்கணக்காக அயலவர்கள் அவளோடு மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். தம்பி செத்ததாகக் கேட்டதும் எல்லாக் கதவுகளும் திறந்தன.

சீமோன் போனில் உண்மையைச் சொன்னார்.

"என்ரை மாதாவே!" என்று அழுதுகொண்டே சிரித்தாள் அருள்மலர். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, இனி இந்தச் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது? பக்கத்து வீட்டுக்காரர் கேக்காமலே புல்லு வெட்டித் தந்தவர். முன்வீட்டு மனிசி நாள் தவறாமல் சூப் கொண்டு வாறா."

"உள்ளதைச் சொல்லன்."

"சொன்னால் நான் பொய்க்காரி. நான் பொய்க்காரியெண்டால் இவைக்குத் தமிழர் எல்லாருமே பொய்க்காரர்."

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். தெரு முழுக்கக் கேக் வெட்டிக் கொண்டாடுகிறது. (சீனி வருத்தக்காரர் தவிர்க்கவும்.)

முடிவு ஆ: சொல்லாமல் ஆயுள் முழுக்கக் கறுப்பு உடுத்தி, முகத்தைத் தொங்கப்போட்டு... (வேண்டாம். பாவம்.)

இரண்டையும் சீமோனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"உதுகள் கிடக்கட்டும். அவனை இன்னும் முகாமுக்கு வெளியிலை விடேல்லை. கதையிலையெண்டாலும் விடுமன், தம்பி."

பேனையை எடுத்தேன். உடனே முட்கம்பியைத் திறந்தேன். விசா கேட்காமல் விமானத்தில் ஏற்றி, அந்தத் தெருவிலேயே இறக்கிவிட்டேன்.

5

செத்தவர் இப்போது சூட்கேசோடு அருள்மலரின் வாசலில் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெசினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். மணியை அடித்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் கதை முடியும். கதை முடிந்தால் அன்புராசா திரும்பவும் முகாமுக்குத்தான் போகவேண்டும்.

நான் அடிக்கமாட்டேன். அடிக்கிறதானால் நீங்களே அடியுங்கள்.