ஒன்று விட்டு ஒரு பல்

கொழுந்தன் மரம் அறுக்கும் மெஷினின் செயினைச் சமையல் மேடைமேல் வீசினான். கழுவி வைத்திருந்த தட்டொன்று உருண்டு கீழே விழுந்தது.

"நல்லாப் பாருங்க அண்ணி, நீங்க அரம் போட்ட லட்சணத்தை. ஒன்பது தையல்!"

உள்ளறையில் அவள் புருஷன் தோளில் கட்டோடு படுத்திருந்தான். நேற்று மத்தியானம் மெஷின் துள்ளித் திரும்பி அடித்திருந்தது. இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து. ஆறு வருஷமாக அண்ணன் தம்பி இருவருக்கும் செயினைக் கூராக்கிக் கொடுப்பவள் அவள்தான். சேதி வந்ததிலிருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. எந்தப் பல்லில் கை தவறினேன் என்று மனசு போட்டு அரித்துக்கொண்டே இருந்தது.

செயினை மண்ணெண்ணெயில் அலசி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதற்குரியது நாலு புள்ளி எட்டு மில்லிமீட்டர் உருண்டை அரம். முதல் பல்லின் பள்ளத்தில் வைத்தாள்; அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அடுத்த பல்லில் இறங்கவே இல்லை, விளிம்பிலேயே நின்றது. மூன்றாவதில் உட்கார்ந்தது. நான்காவதில் இல்லை. செயினில் பற்கள் வலம், இடம் என்று மாறி மாறி வரும். வலப்பக்கப் பற்கள் அவள் போட்டவை. இடப்பக்கத்தில் எல்லாப் பல்லையும் யாரோ மெல்லிய அரத்தால் குடைந்து கொக்கியாக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட பல் மரத்தை அறுக்காது, கவ்வும். கவ்வினால் மெஷின் எகிறும். கொழுந்தனின் சின்ன மெஷினுக்கான நாலு மில்லிமீட்டர் அரத்தை எடுத்து இடப்பக்கப் பல்லில் வைத்தாள். கச்சிதம்.

"நேத்து மத்தியானம் இதுல யாரு கை வச்சது?"

அவன் முகம் கறுத்தது. "மழுங்கியிருந்துச்சு. ரெண்டு இழுப்பு இழுத்தேன். அதுக்கென்ன? அரம்னா அரம்தானே!"

"ஒரு பக்கம் மட்டுமா?"

"அதுக்குள்ள அண்ணன் அவசரப்பட்டுப் பிடுங்கிக்கிட்டாரு."

"தெரிஞ்சே என்மேல பழியைப் போட்டியா?"

உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது. "கத்தாத. எனக்கு நேத்தே தெரியும்."

அவள் உள்ளறை வாசலில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "இப்ப காண்டிராக்டர் விசாரிக்க வர்றாரு. நீ போட்டதாவே இருக்கட்டும். அவன்னு தெரிஞ்சா இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவாரு. உன்னை எதுலேருந்து தூக்கப்போறாங்க?"

"இனிமே என் கையால அரம் போட்ட செயினை யாராவது தொடுவாங்களா?"

அவன் தையல் வலிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். உண்மையிலேயே வலித்திருக்கலாம். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ படிக்கல்லில் செருப்புச் சேற்றைத் தட்டும் சத்தம், ஒரு கால், பிறகு மறு கால். கொழுந்தன் பாய்ந்து மேடையிலிருந்த செயினை எடுத்தான். அதன் மறுபக்கத்தை அவள் பற்றிக்கொண்டாள். அவன் இழுத்தான். கூரான பற்கள் இருவர் உள்ளங்கைகளிலும் இறங்கின. கதவு திறந்தபோது இருவருக்கும் நடுவே செயின் விறைத்து நின்றது. மண்ணெண்ணெயோடு சிவப்பாக ஏதோ தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.