சொறியாத ஞாயிற்றுக்கிழமை

மாணிக்கம் என்ற பெருச்சாளி முயலாக மாறுவதற்கு நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன.

முதல் கூட்டத்தில் அது குடியிருந்த சாக்கடை ஓடையாயிற்று. சாக்கடை என்ற சொல் பிஞ்சு மனதில் எதிர்மறை அதிர்வுகளை உண்டாக்குமாம். இரண்டாம் கூட்டத்தில் ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானம் காடாயிற்று. மூன்றாவதில், இறுதி ஆட்டத்தின் நடுவே மாணிக்கம் விழுங்கிய கால்பந்து, சுற்றுச்சூழலின் நன்மைக்காக ஒரு பிளாஸ்டிக் பையாயிற்று. மிச்சமிருந்தது மாணிக்கம் மட்டும்தான். நான்காவது கூட்டத்தில் அதற்கும் நேரம் வந்தது.

"மேம், பெருச்சாளின்னா ஒரு யக் ஃபேக்டர் இருக்கு," என்றாள் அனன்யா, கிரீன் டீயைக் கலக்கிக்கொண்டே. சிறுவர் புத்தகங்கள் போடும் மழலைவானம் ஃபவுண்டேஷனின் குழந்தை மன ஆலோசகர் அவள். "முயல் வெச்சுக்கலாமே? பேரு மித்ரா. ஜென்டர் நியூட்ரல்."

"முயல் பிளாஸ்டிக் பையைத் தின்னா செத்துப் போயிடும்மா," என்றாள் கதையை எழுதிய பெர்னதெத்.

"சாகாது மேம். வருத்தப்படும்."

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த, ஃபவுண்டேஷனை நடத்தும் உமேஷ் ஆமோதித்தார். சாஃப்ட்வேர் கம்பெனியை விற்றுவிட்டு ஐம்பத்திரண்டாவது வயதில் குழந்தைகளை நேசிக்கத் தொடங்கியவர். சொந்தக் குழந்தைகள் இரண்டு பேரும் கனடாவில் இருந்ததால் நேசத்துக்கு இடைஞ்சல் இல்லை. கன்னடம் தாய்மொழி, தமிழை நிதானமாக, மீட்டிங்குக்கு ஏற்றபடி பேசுவார்.

"மேடம், எண்டிங்ல ஒரு டேக்-அவே வேணும். பெருச்சாளி பெருசா ஏப்பம் விடுது, ரெஃப்ரீயோட தொப்பி பறந்து போகுது, கதை ஆச்சு. அப்பறம்? பேரன்ட்ஸ் கேப்பாங்கல்ல, இதுல என் மகன் என்ன கத்துக்கிட்டான்னு? மித்ரா ஸாரி சொல்லட்டும். எல்லா அனிமல்ஸ்கிட்டயும், தனித்தனியா." பிறகு கையை நெஞ்சில் வைத்தார். "ஆனா அந்தக் கடைசி வரி! அதுல ஒரு எழுத்து தொடக் கூடாது." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "'அதற்கப்புறம் அங்கே உருண்டையாக இருந்தது நிலா மட்டும்தான்.' அப்பா!"

நான்கு கூட்டங்களிலும் பெர்னதெத்தை நாற்காலியோடு ஒட்டவைத்திருந்தது இந்த 'அப்பா'தான். அவளுக்கும் கதையில் மிகப் பிடித்த வரி அது. அதைப் புரிந்துகொண்ட மனிதன் மற்றதையும் என்றைக்காவது புரிந்துகொள்வான் என்று ஒரு நப்பாசை.

ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை நாலு மணிக்குள் தந்தால், குழந்தைகள் தினத்தன்று மூன்று மொழிகளில் புத்தகம், பெரிய ஹாலில் விழா. தராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள் தயாராக இருந்தார். அவருடைய கதையில் ஏற்கெனவே முயல்தான்.

பெர்னதெத்தின் கடைசிப் புத்தகம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அதற்கு முன் மூன்று புத்தகங்கள். பகலில் கான்வென்ட் பள்ளி ஒன்றில் ஆபீஸ் கிளார்க். காலை ஐந்தரைக்கு அடுப்படி மேசையில் உட்கார்ந்தால், குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு வரும்வரை எழுதுவாள்; பிறகு அன்றைய இலக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எழுதுவது பழைய அட்மிஷன் ஃபாரங்களின் முதுகில். கல்யாண வீடுகளில் யாராவது அவளை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினால் கேட்பவர் முகம் மலரும். குழந்தைகளுக்கு என்று தெரிந்ததும் அந்த மலர்ச்சி ஒரு சுற்று சிறுத்து, "பெரியவங்களுக்கு எப்ப எழுதப் போறீங்க?" என்ற விசாரிப்பில் வந்து முடியும். எல்.கே.ஜி. படிப்பவனிடம் டிகிரி எப்போது என்று கேட்கும் பரிவு அதில் இருக்கும். ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கோபப்படத் தெம்பில்லை.

அவள் நம்பிய நடுவர் குழு ஒன்றே ஒன்று. ஞாயிறு திருப்பலிப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில் கேட்டகிசம், அதாவது மறைக்கல்வி வகுப்பு. அதன் கடைசிக் கால் மணி நேரம் அவளுடையது. பன் கொடுப்பதற்கு முன் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாள், கையில் பென்சிலோடு. எந்தப் பிள்ளை எங்கே சொறிந்தாலும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கதை பிடித்துவிட்டால் குழந்தைக்கு உடம்பு இருப்பதே மறந்துபோகும். சலிப்புத் தட்டியதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது தோல். இருபது வருட ஆராய்ச்சியின் முடிவு அது. ஒரு பக்கத்தில் மூன்று புள்ளி விழுந்தால் பக்கத்தையே தூக்கிவிடுவாள். மாணிக்கத்தின் கதை அப்படித்தான் முப்பது பக்கத்திலிருந்து ஒன்பதுக்கு இளைத்தது. ஏப்பம் வந்ததும் பென்சிலைக் காதில் செருகி, நோட்டை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு நிலா வரியை மனப்பாடமாகச் சொல்லி முடிப்பாள்.

"மித்ரா கதையையும் பிள்ளைங்ககிட்ட வாசிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்து," என்று வீட்டில் சொன்னாள்.

கணவன் ஜெயராஜ் தலையைச் சொறிந்தார். ஃபேக்டரியிலிருந்து ரிட்டையரானதும் கோயில் பங்கின் மூன்று சங்கங்களுக்குச் செயலாளராகிவிட்டவர் அவர். "சொறிஞ்சாங்கன்னா?"

"போட மாட்டேன்."

"பதினோரு வருஷம் காத்திருந்து, ஒரு பொடிப்பய முதுகு அரிச்சதுக்காகவா?"

"ஆமாங்க."

அதற்குமேல் ஜெயராஜ் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவர் ஏதோ ஏற்பாடு செய்கிறார் என்று அர்த்தம். பெர்னதெத் அப்போது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை, குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முயல் கதையை வாசித்தாள். மித்ரா ஓடையோரம் வந்தது, பையைத் தின்றது, வருந்தியது. அணிலிடம் ஸாரி சொன்னது, மானிடம் ஸாரி சொன்னது, ஆமையிடம் ஸாரி சொன்னது. வாசிக்க வாசிக்க அவளுக்கே முழங்கை அரித்தது. நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு பேரும் கையை மடியில் வைத்து, மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. புது நன்மையில் முதல் அப்பம் வாங்கும் நாளிலேயே பீடத்துக்கு முன்னால் பிடரியைச் சொறிந்த அமல்கூட அசையவில்லை. நிக்கோலின் கண்ணில் நீர் திரண்டிருந்தது.

ஒரு புள்ளிகூட விழவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். ஆக, உமேஷ் சொன்னதுதான் சரி. பிள்ளைகளுக்கு முயல்தான் வேண்டும். ஸாரி கேட்டால் கண் கலங்கிவிடுகிறார்கள். பெருச்சாளியும் சாக்கடையும் ஏப்பமும் இத்தனை நாள் அவளுடைய சொந்த ஆசை. பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரித்திருக்கிறார்கள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை, களைப்புதான் வந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஜெயராஜ் அன்று பூராவும் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, பள்ளி ஆபீஸ் ஜன்னலில் லவினாவின் ரிப்பன் தெரிந்தது. மூன்றாம் வகுப்பு, கேட்டகிசத்திலும் முன்வரிசை. லேட் ஸ்லிப் வாங்க வந்திருந்தாள்.

"மிஸ், உங்க புக்கு வந்துடுச்சா?"

"அதுக்குள்ளயா? இன்னும் நாளாகும்டி."

"நாங்கதான் சொறியவே இல்லியே. அப்பறம் ஏன் நாளாகுது?"

ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "சொறியக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"ஜெயராஜ் அங்கிள். 'இன்னிக்கு மிஸ்ஸுக்குப் பரீட்சை. எவனாவது சொறிஞ்சீங்க, மிஸ்ஸோட புக்கு வராது'ன்னாரு. ஆளுக்கு ரெண்டு சாக்லேட்டு. மிஸ், எனக்கு முட்டியில எறும்பு ஏறிச்சு, தெரியுமா? கடிச்சிச்சு வேற. நிக்கோலுக்கு மூக்கு அரிச்சு அரிச்சு அழுகையே வந்துடுச்சு. ஆனா சொறியல!"

"கதை எப்படி இருந்துச்சு?"

லவினா நேர்மையாக யோசித்தாள். "முயலு… யாருகிட்டயோ ஸாரி சொல்லிச்சில்ல? நான் எறும்பத்தான் பாத்துட்டிருந்தேன் மிஸ்."

நாலு மணிக்கு பெர்னதெத் ஃபவுண்டேஷன் ஆபீஸுக்கு இரண்டு மாடி ஏறினாள். கையெழுத்திட்ட படிவம் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வழி நெடுக நினைத்தாள். அறுபத்தேழு வயதில் அடுத்த புத்தகத்துக்குக் காத்திருப்பதைவிட, ஐம்பத்தாறு வயதில் ஒரு முயலைச் சகித்துக்கொள்வது எளிது. முழங்காலுக்கும் நல்லது.

அறையில் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள். "ஆத்தர் ரீடிங் மேடம்," என்றார் உமேஷ். "சின்னதா ஒரு ரீல் போடணும். முழுசா ஒருதரம் வாசிங்க. நாங்க அஞ்சு பேரும் குழந்தைங்கன்னு நினைச்சுக்கங்க."

நினைத்துக்கொண்டாள். அதுதான் வம்பாயிற்று. வாசிக்கத் தொடங்கியதும் கை தானாகப் பென்சிலைத் தேடி எடுத்தது.

மித்ரா ஓடைக்கு வருவதற்குள் அனன்யா கழுத்தைச் சொறிந்தாள். புள்ளி. டிசைனர் ஹரிஷ் மூக்கு, பிறகு காது. இரண்டு புள்ளி. அணிலிடம் ஸாரி சொல்லும்போது உமேஷின் விரல்கள் தாடிக்குள் இறங்கின; மான் வந்து, ஆமை வந்து, மயில் வந்த பின்னும் அவை வெளியே வரவில்லை. ஓரத்திலிருந்த இருவரில் ஒருவர் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி இன்னொரு காலால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். அதையும் கணக்கில் சேர்த்தாள். பிள்ளைகளுக்குக் காட்டாத சலுகையைப் பெரியவர்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

மயிலோடு நிறுத்தினாள். "பதினேழு," என்றாள்.

"என்ன மேடம்? கேமரா ஓடுது."

சொறியும் கணக்கைச் சொன்னாள். புள்ளிகளைக் காட்டினாள். எந்தப் புள்ளி யாருடையது என்றும் சொன்னாள். ஐந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளைப் போலவே.

முதலில் தேறியவர் உமேஷ். "வெரி இன்ட்ரஸ்டிங்! இதை ஒரு மெத்தடாலஜியா டாக்குமென்ட் பண்ணலாம். ஸ்க்ராட்ச் இண்டெக்ஸ். உங்கள வெச்சு ஒர்க்‌ஷாப் நடத்தலாம்."

"கதைய நான் திரும்ப எடுத்துக்கறேன் சார்."

"இருங்க மேடம், இருங்க. பேசலாம். ஒரு சின்ன ஏப்பம் அலவ் பண்றோம். படத்துல மட்டும். சத்தம் வேணாம்."

பெர்னதெத் யோசிக்கத்தான் செய்தாள். சத்தமில்லாத சின்ன ஏப்பம்; மூன்று மொழி; பெரிய ஹால். இரண்டு மாடி ஏறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு நிக்கோலின் மூக்கு ஞாபகத்துக்கு வந்தது.

"முயல் ஏப்பம் விடாது சார்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். படிவம் உள்ளேயே இருந்தது.

வீட்டில் ஜெயராஜ் எட்டடி ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். 'ஆஸ்டின் டவுனின் பெருமை' என்ற எழுத்துக்குக் கீழே, மூன்று சங்கங்களின் செயலாளர் முழு உருவத்தில் கைகூப்பி நின்றார். பெர்னதெத் மேல்மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருந்தாள்.

"புத்தகம் வரல," என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "லவினா சொல்லிட்டா."

ஜெயராஜின் முகம் தொங்கிப்போயிற்று. "உனக்காகத்தான் பெர்னி. நீ பட்ட பாட்டப் பாக்க முடியாமதான்…"

"தெரியுதுங்க. ஆனா அவங்க சொறியறத நம்பித்தான் நான் எழுதறேன். அதையும் நீங்க சாக்லேட் குடுத்து நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

அவர் பேனர் பக்கம் திரும்பினார். "இத என்ன பண்றது?"

"மொட்டை மாடியில தண்ணி டேங்க்குக்குப் போர்த்துங்க. எலி வராது."

அடுத்த ஞாயிறு பழைய நோட்டோடு ஹாலுக்குப் போனாள். "இன்னிக்கு யாரு வேணா எங்க வேணா சொறியலாம்," என்று அறிவித்தாள். அமல் உடனே சொறிந்து பார்த்து, அனுமதி உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டான்.

சாக்கடையிலிருந்து மாணிக்கம் தலையை நீட்டியது. பந்து உருண்டு வந்தது. இரண்டு டீமும் கம்போடு வந்து "பந்து எங்கடா?" என்று கேட்டபோது, வரப்போவது தெரிந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாணிக்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தது. ஏப்பத்தை பெர்னதெத் முழுசாக விடவே இல்லை. அதற்குள் இருபத்திரண்டு ஏப்பங்கள் ஹாலைப் பிளந்தன. நிக்கோல் பெஞ்சிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தாள்.

வழக்கமாக நோட்டை மூடும் இடம். ஆனால் போன வாரத்துக்குப் பிறகு எந்த அமைதியையும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. பென்சிலைக் காதில் செருகாமல், கண்ணை மூடாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசி வரியைச் சொன்னாள்.

"அதற்கப்புறம் அங்கே உருண்டையாக இருந்தது…"

அமல் முதுகு. லவினா முட்டி. இரண்டாம் வரிசை பூராவும் தலை.

"…நிலா மட்டும்தான்."

பதினொரு புள்ளி. ஒரே வரியில் இவ்வளவு எந்தக் கதையிலும் விழுந்ததில்லை.

"ஏன்டி?" என்றாள், தரையில் கிடந்த நிக்கோலிடம்.

"ஏப்பம் விட்டதும் கதை முடிஞ்சிடுச்சில்ல மிஸ்? அப்பறமும் நீங்க பேசிட்டே இருந்தீங்க."

இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் அந்த வரியைச் சொல்லியிருக்கிறாள். நெஞ்சில் கை வைத்து 'அப்பா!' என்ற உமேஷும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

பென்சில் மழுங்கியிருந்தது. நிலாவை அடிக்க இரண்டு கோடு தேவைப்பட்டது. கைப்பைக்குள் வெற்றுத்தாள் தேடியபோது ஒப்புதல் படிவம் கிடைத்தது. அதன் முதுகில் கடைசிப் பக்கத்தைப் புதிதாக, ஏப்பத்தோடு முடியும்படி எழுதத் தொடங்கினாள்.

"மிஸ்," என்றான் அமல், "பன்னு?"

"இரு. இன்னும் ரெண்டு வரி."

அவன் காதைச் சொறிந்துகொண்டு காத்திருந்தான்.