இரண்டாம் நம்பர் கிரேன்மேல் ஒரு காக்கை

கும்மிடிப்பூண்டி புகைப்படச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரும் பச்சைத் திட்டுப் போட்ட காட்டுச் சட்டையில்தான் வருவார்கள். இரும்பாலைகளுக்கு நடுவே, டீக்கடை மாடியில், எந்தப் புலிக்குத் தெரியாமல் ஒளிகிறோம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. என்னிடமும் ஒரு சட்டை இருக்கிறது.

தலைவர் எபினேசர், எங்கள் ஆலையின் பராமரிப்பு அதிகாரி. கென்யாவில் எடுத்த சிங்கத்தைத் திரையில் போட்டார். சிங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. விளக்கவுரை நாற்பது நிமிடத்தைத் தாண்டியதும் எங்களுக்கும் தொற்றியது. ஆனால் படம் அருமை. மீசை மயிரை எண்ணலாம்.

"மூணு மணி நேரம் ஜீப்ல அசையாம குந்திக்கினு இருந்தேன். மிருகத்தைத் தொந்தரவு பண்ணவே கூடாது. நம்ம சங்கத்துக்கு அதான் மொத ரூலு" என்றார்.

அடுத்து சாம்சனின் லடாக். எல்லாப் படத்திலும் அவருடைய பைக் நின்றது. இமயமலை இடம் கிடைத்தவரை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

கடைசியில் சுகிர்தா. எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். கேமரா கிடையாது, போனைத்தான் நீட்டினார்.

திரையில் ஒரு காக்கை.

"இன்னாமா, இது வைல்டுலைஃபா?" என்று சாம்சன் சிரித்தார். "எங்க ஊட்டு சன்னல்லயே நாலு கீது."

"அது கூட்டை எதுல கட்டிக்கீதுன்னு பாருண்ணா."

பார்த்தோம். குச்சி ஒன்றுகூட இல்லை. கட்டுக்கம்பி, வெல்டிங் ராடு துண்டு, இரும்புச் சுருள். நடுவே திறந்த மூன்று வாய்கள். உலைக் கதவு திறந்த நொடியில் எடுத்திருக்கிறார். கம்பியெல்லாம் தங்கமாக மின்ன, தாயின் கறுப்பு இறகில் செம்மை ஓடியது. கேலி செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"எங்க எடுத்தே?" என்றார் எபினேசர்.

"சும்மா நிக்குதே சார், ரெண்டாம் நம்பர் கிரேன், அது மேல. நாளைக்குச் சுத்தம் பண்ணி ஓட்டணும்னு நீங்கதான் ஆர்டர் போட்டுக்கீறீங்க. குஞ்சு பறக்க இன்னும் பத்து நாள் ஆவும்."

"வேலை நின்னுடும்மா."

"நிக்காது. ரெண்டு கிரேன் வேலையையும் நான் ஒருத்தியே இழுத்துக்கினு போறேன். சிங்கத்துக்கு மூணு மணி நேரம் அசையாம இருந்தீங்களே சார், காக்காவுக்குப் பத்து நாள் இருக்கக் கூடாதா?"

மாடியே சிரித்தது. எபினேசர் மட்டும் சிரிக்காமல் திரையருகே போய், கம்பி போன வழியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பின்னல்யா இது! நம்ம ஃபிட்டருங்க ஒருத்தனுக்கும் வராது."

அதோடு கூட்டத்தை முடித்துவிட்டார். சுகிர்தா போனை மூடிக்கொண்டு போய்விட்டார்.

திங்கள் காலை, இரண்டாம் நம்பர் கிரேனின் சுவிட்சில் பூட்டும் சிவப்பு அட்டையும் தொங்கின. 'ஆள் வேலையில் இருக்கிறார், இயக்காதீர்.' மாட்டியவரைத் தவிர முதலாளியே வந்தாலும் அதைக் கழற்றக் கூடாது என்பது ஆலை விதி. மாட்டியவர்: எபினேசர். முடியும் நாள்: பத்து நாள் தள்ளி. 'வேலை விவரம்' என்ற இடத்தில், தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'பறக்கப் பழகுதல்.'